காலுக்குக் குளிர்ந்த மணல்

ஓடைகளையும் வாய்க்கால்களையும் துப்புரவு செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஊர் எழுந்திருக்கும் முன்பே, மண்வெட்டியும் அரிவாளுமாக வாய்க்காலில் இறங்கிவிடுகிறீர்கள். பிளாஸ்டிக் பை, உடைந்த பாட்டில், ஆற்றில் விட்ட பழந்துணி என்று எதையும் அருவருக்காமல் அள்ளிக் கரையேற்றுகிறீர்கள். நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனாலும் இந்த மடலில் ஒரு குறையைத்தான் சொல்லப் போகிறேன். அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர் ஓடையைத் தூர்வார வேண்டும் என்று மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள் நான். அப்போது ஓடையின் இரு ஓரமும் கோரையும் சம்பும் மண்டிக் கிடந்தன. நடுவில், நாடா போல நீண்ட இலைகளோடு நீரோட்டத்தில் சாய்ந்து சாய்ந்து எழும் செடிகள். வளைவில் மிதக்கும் அமலைச் செடி அடைத்திருந்தது. பொக்லைன் வந்தது. இரண்டே நாளில் அத்தனையையும் வழித்தெடுத்துக் கரையில் குவித்தது. அகலமாக, நேராக, தரை தெரிய நீர் ஓடியது. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தபோது ஓடையில் நீரின் வேகம் கட்டுக்கு அடங்கவில்லை. மணல் பெயர்ந்து போனது. கரை இரண்டு இடத்தில் சரிந்தது. வேகம் தணிந்த பிறகு, வந்த வண்டலெல்லாம் மெல்லிய ஆடை போலத் தரை முழுவதும் ஒரே சீராகப் படிந்தது. அடுத்த கோடையில் வழக்கம்போல் ஊற்றுத் தோண்டினோம். முழங்கை ஆழத்துக்கு மேல் போயும் ஊறியது கொஞ்சம்தான். அதுவும் கலங்கல். மூக்கருகே கொண்டுபோனால் முட்டை அழுகிய வாடை. ஓர் ஓடையில் ஒருமுறை கண்டதை வைத்து விதி எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஆச்சி சிரட்டையும் குடமுமாக ஊற்றுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போவாள். மணலில் இறங்கியதும் தோண்ட மாட்டாள். வெறுங்காலோடு கொஞ்ச தூரம் நடப்பாள். கோரைப் புதரைச் சுற்றி வருவாள். ஓரிடத்தில் நின்று, “ஏட்டி, கால் குளுந்த எடத்துல தோண்டு” என்பாள். கறுத்த மணல் பக்கமே போக மாட்டாள். ஆச்சிக்கு அது பழக்கம். அவள் கால் எதைத் தேடியது என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

ஆற்றின் தரையைக் குளத்துப் படிக்கட்டு போல நாம் நினைத்துக்கொள்கிறோம். நீர் அதற்கு மேலேதான் போகிறது என்று. உண்மையில் மணல் இருக்கும் இடமெல்லாம் நீர் உள்ளே புகுந்து, மணலுக்குள் கொஞ்ச தூரம் நடந்து, வேறோரிடத்தில் மேலே வருகிறது. சில பயணங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சில பல நாள் எடுக்கும். ருமேனிய உயிரியலாளர் த்ரையான் ஓர்கிதான் 1959இல் இந்தப் பகுதிக்கு ஒரு பெயர் வைத்தார். கீழே, ஓட்டம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘ஹைப்போரிக்’ என்றார். நான் அடியோட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த அடியோட்டத்தில் உயிர்களும் உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஃபிளாட்ஹெட் ஆற்றங்கரைக் கிணறுகளில், ஓடும் ஆற்றுநீரில் வாழும் பூச்சி இனங்களின் இளம் பருவத்தை ஸ்டான்ஃபோர்டு, வார்டு என்ற இருவர் கண்டார்கள். அதை 1988இல் எழுதினார்கள். அந்தக் கிணறுகளில் சில ஆற்றிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தவை. ஆற்றில் பிறந்த பூச்சி கூழாங்கல் இடுக்கு வழியே அவ்வளவு தூரம் போயிருக்கிறது. நம் ஆற்று மணல் அதைவிட நெருக்கமானது. பூச்சிக்கு அவ்வளவு வழி விடாது. ஆனால் அயிரை மீன் மணலுக்குள் புதைந்துகொள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நீரை மணலுக்குள் தள்ளுவது எது? இங்கேதான் நீங்கள் பிடுங்கும் செடி வருகிறது.

பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து 1856இல் வெளியிட்ட கணக்கு எளிமையானது. இரு முனைக்கும் இடையே நீரழுத்த வேறுபாடு எவ்வளவு அதிகமோ, இடைத்தூரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகமாக நீர் மணலில் செல்லும். மிச்சம் மணலின் தன்மையைப் பொறுத்தது. பரு மணலில் ஓடும் நீர், அதே அழுத்தத்தில் வண்டலுக்குள் அதன் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஓடாமல் போகலாம். ஆகவே அடியோட்டத்துக்கு இரண்டு வேண்டும்: அழுத்தத்தில் மேடு பள்ளம், நீர் நுழைய விடும் மணல்.

தட்டையான, வழவழப்பான தரையில் அழுத்தம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏதாவது ஒன்று நீரை மறிக்க வேண்டும். மணலில் அலை அலையாக எழும் சிறு மேடுகளே இதைச் செய்யும் என்று திபொடோ, பாயில் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள். மேட்டின் முகப்பில் நீர் உள்ளே போகிறது, முதுகில் வெளியே வருகிறது. கல்லோ விழுந்த மரக்கிளையோ இருந்தால் அதுவும் செய்யும். வேரூன்றி நிற்கும் தண்டும் செய்யும். தண்டில் மோதும் நீர் அங்கே ஒரு கணம் நிற்கிறது. அதன் வேகமெல்லாம் அழுத்தமாக மாறுகிறது. தண்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. முன்னால் இருக்கும் நீர் மணலுக்குள் அமிழ்ந்து, தண்டின் அடியைச் சுற்றிப் பின்பக்கம் மேலே வருகிறது.

எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் போகும் நீர் முழுவதுமாக நின்றால் கிடைப்பது சுமார் 4.5 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம். அரிசி மணி நீளம்கூட இல்லை. தரையை ஒட்டிய நீர் இன்னும் மெதுவாகப் போவதால் அங்கே இதைவிடக் குறைவுதான். ஆனால் இடைத்தூரமும் சில சென்டிமீட்டர்தான். மணலில் நீரை நகர்த்த அது போதும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு, 18 மில்லிமீட்டர். இப்படி ஒரு தண்டு செய்வதை ஒரு கோரைப் புதரில் நூற்றுக்கணக்கான தண்டுகள் இரவும் பகலும் செய்கின்றன.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். நீளமான கண்ணாடித் தொட்டியில் நன்றாகக் கழுவிய மணலைப் பரப்பி, ஒரு பக்கம் குழாயில் நீர் விட்டு, மறுபக்கம் வழியவிட்டோம். கண்ணாடியை ஒட்டினாற்போல் ஒரு குச்சி நட்டோம். குச்சிக்கு முன்னால், மணலின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஊசிக்குழலால் கொஞ்சம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை விட்டோம். ஊதா நிறம் நேராக ஓடவில்லை. கீழே வளைந்து, குச்சியின் அடியைக் கடந்து, பின்பக்கம் மணலிலிருந்து மெல்லிய புகை போலக் கிளம்பியது. குச்சியைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி விட்டோம். நிறம் அப்படியே ஒரு திட்டாக நின்றது. “டீச்சர், செடி தண்ணிய இறைக்குது” என்றாள் ஒரு பெண். நான் படித்த எந்த விளக்கமும் இதைவிடச் சுருக்கமாக இல்லை.

எல்லாச் செடியும் எங்கும் நன்மை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எதிர்த்துக் கேட்க வேண்டிய இடம் இது. நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். செடி தனித்தனியாக, இடைவெளி விட்டு நிற்கும்போது நீர் அதன் நடுவே சுழன்று ஓடுகிறது. அந்தச் சுழல்கள் தரையை உரசி நீரை மணலுக்குள் ஏற்றி இறக்குகின்றன. அதே செடி நெருக்கமாக அடைத்துக்கொண்டால் புதருக்குள் வேகம் செத்துவிடுகிறது. நீரில் மிதந்து வந்த வண்டல் அங்கே இறங்குகிறது. மணலின் கண்கள் அடைபடுகின்றன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஹைடி நெப்ஃப் செடிகளுக்கிடையே நீர் எப்படி ஓடுகிறது என்பதையே பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அந்தத் துறையில் படிக்கப் படிக்கத் தெரிவது, செடி எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்பதே விளைவைப் புரட்டிப் போடுகிறது என்பதுதான்.

ஆனால் புதருக்குள் வேகம் குறைந்தால், புதருக்கும் புதருக்கும் நடுவே வேகம் கூடும். நீர் எங்காவது போக வேண்டுமே. தென் இங்கிலாந்தின் ஃப்ரோம் போன்ற சுண்ணப்பாறை ஆறுகளில் இதை நன்றாக அளந்திருக்கிறார்கள். அங்கே வெள்ளைப் பூப்பூக்கும் ரனங்குலஸ் என்ற நீர்ச்செடி வசந்தத்திலும் கோடையிலும் திட்டுத் திட்டாக வளர்கிறது. திட்டின் அடியில் வண்டல் சேர்கிறது. நடுவில் ஓடும் நீர் கூழாங்கல்லைக் கழுவிச் சுத்தமாக வைக்கிறது. குளிர்காலம் நெருங்கும்போது செடி மடிகிறது. பிறகு வரும் வெள்ளம் சேர்ந்த வண்டலைக் கொண்டுபோகிறது. அங்கே சால்மனும் டிரவுட்டும் கூழாங்கல்லுக்குள்தான் முட்டையிடுகின்றன. முட்டைக்கு மூச்சு அடியோட்டத்தில் வர வேண்டும். ஆகவே வண்டல் எங்கே சேர்கிறது என்பது அங்குள்ளவர்களுக்குப் பெரிய கவலை. செடி வண்டலைத் தன் காலடியில் வாங்கி வைத்துக்கொள்வதால் மற்ற இடம் தப்பிக்கிறது. எங்கள் ஓடையில் செடியெல்லாம் போனபின் வண்டல் தரை முழுக்க ஒரே ஆடையாகப் படிந்ததற்கு விடை எனக்கு இங்கேதான் கிடைத்தது.

வேரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். சேற்றில் காற்று இல்லை. அங்கே நிற்கும் கோரை, சம்பு, நாணல் எல்லாம் தண்டுக்குள் காற்றுக் குழல் வைத்திருக்கின்றன. சம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பஞ்சு போலத் துளை துளையாக இருக்கும். இலையிலிருந்து இறங்கும் ஆக்சிஜன் வேர் நுனி வரை போய், கொஞ்சம் வெளியே கசிகிறது. நீருக்குள் மூழ்கி வளரும் வாலிஸ்நேரியாவும் வேர் வழியே நிறைய ஆக்சிஜன் விடும் செடிதான். வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் அகலத்துக்குச் சேறு மூச்சு விடுகிறது. அடுத்த முறை ஒரு கோரையைப் பிடுங்கினால் வேரைக் கழுவாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துரு நிறத்தில் ஒரு பூச்சு இருந்தால், சேற்றில் கரைந்திருந்த இரும்பு அந்த ஆக்சிஜன் பட்டுத் துருவாகப் படிந்திருக்கிறது என்று பொருள்.

ஊர்ச் சாக்கடை வந்து விழும் வாய்க்காலுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், பெரிய பயன். சாக்கடையோடு வரும் அம்மோனியாவை ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒருவகை நுண்ணுயிர் நைட்ரேட்டாக மாற்றும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இன்னொரு வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். இரண்டு இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வேலை முடியும். வேரின் அருகே காற்றுள்ள சேறு, கொஞ்சம் தள்ளிக் காற்றில்லாச் சேறு. நடுவே நீரை நகர்த்த அடியோட்டம். செத்துப்போன வேர் மக்கி விட்டுச்செல்லும் துளைகூட நீருக்கு ஒரு வழி. இவ்வளவு ஏற்பாட்டையும் பொக்லைன் ஒரு வாளியில் அள்ளிவிடுகிறது.

இப்போது ஆச்சியின் காலுக்கு வருகிறேன். வெயில் ஏறிய ஆற்றுநீர் மணலுக்குள் இறங்கும் இடத்தில் மணலும் சூடாக இருக்கும். மணலுக்குள் வெகுநேரம் கிடந்து, வடிகட்டப்பட்டு, நீர் மேலே வரும் இடம் பகலிலும் குளிர்ந்திருக்கும். அவள் கால் தேடியது மேலே வரும் நீரை. கறுத்த மணலை அவள் ஒதுக்கியது, அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோய் கந்தக வாடை எழுவதால். உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் மணலில் வெப்பமானியைச் செருகி அடியோட்டம் இறங்கும் இடத்தையும் ஏறும் இடத்தையும் பிரித்துக் காண்பதும் இதே வழியில்தான்.

நாம் குடிப்பதும் இந்த நீர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். தாமிரபரணி மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து எத்தனை ஊர்களுக்குக் குழாய் போகிறது! திருச்சி அருகே காவிரி மணலில் அமைத்த கிணறுகளிலிருந்து ராமநாதபுரம் மாவட்டம் வரை கூட்டுக் குடிநீர்த் திட்டம் நீரைக் கொண்டுபோகிறது. அந்தக் கிணறுகளுக்கு ஆறு நேராக வருவதில்லை. மணல் வழியே வடிந்து வருகிறது. மணலின் மேல் வண்டல் ஆடை படிந்தால் கிணறு சுரப்பது குறையும். மணலே இல்லாவிட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. லாரி லாரியாக மணலை அள்ளிப் பாறையும் களியும் தெரியவிட்ட ஆற்றில் எந்தச் செடியை நட்டும் அடியோட்டத்தை மீட்க முடியாது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நம் ஆறுகளில் எத்தனை மைலுக்கு அப்படிச் செய்துவிட்டோம்!

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அமலையை எடுங்கள், தயங்காமல் எடுங்கள். ஆகாயத்தாமரை என்று மற்ற ஊர்களில் சொல்லும் அந்தச் செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மிதப்பது, ஆழமான நீரில் அதன் வேர் தரையைத் தொடுவதே இல்லை. அது வெயிலை மறைத்து, அடியில் வளரும் செடியைக் கொன்று, மடிந்து மூழ்கி மணலை மூச்சடைக்க வைக்கிறது. கரையிலிருந்து சாய்ந்து இறங்கும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் எடுங்கள்.

மணலில் வேர் பிடித்து நிற்கும் நம் செடிகளை மட்டும் வேறு விதமாக நடத்துங்கள். மழைக்காலத்தில் வாய்க்கால் அடைத்து வயலில் நீர் ஏறும் என்றால் வெட்டத்தான் வேண்டும். விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியும். அரிவாளால் வெட்டுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். நடுவில் வளைந்து வளைந்து ஒரு வழி மட்டும் வெட்டி, இரு ஓரத்தையும் விட்டுவிடுவது டென்மார்க்கின் சிற்றாறுகளில் வழக்கத்துக்கு வந்த முறை. இங்கிலாந்துச் சுண்ணப்பாறை ஆறுகளைக் கவனிப்பவர்கள் சதுரங்கப் பலகை போல ஒரு திட்டு வெட்டி, ஒரு திட்டு விடுவதும் உண்டு. நம் பழைய குடிமராமத்தில் மண்வெட்டியும் கையும்தான் இருந்தன. கையால் செய்யும் வேலை தானாகவே எங்காவது விட்டுவிட்டுத்தான் போகும். இயந்திரம் ஒன்றையும் விடாது. அதன் கூலியும் மணிக்கணக்கில் ஓடுவதால் யாரும் நிறுத்திப் பார்க்கச் சொல்வதில்லை. பொக்லைன் வந்தே ஆக வேண்டும் என்றால், ஓட்டுநர் அண்ணனிடம் எங்கே வாளி படக் கூடாது என்று முந்தின நாளே கொடி நட்டுக் காட்டிவிடுங்கள். வெட்டிய செடியை உடனே ஏற்றிப் போகாமல் நீரோரத்தில் ஓர் இரவு கிடக்க விடுங்கள். அதில் ஒளிந்திருக்கும் நத்தையும் பூச்சியும் நீருக்குத் திரும்பிவிடும்.

எங்கள் ஓடையில் மேல்வளைவில் கோரை மறுபடி வந்திருக்கிறது. பொக்லைன் வாளிக்கு எட்டாத ஒரு பாறை இடுக்கில் தப்பிய கிழங்கிலிருந்து பரவியது. அதன் கீழ்ப்புறம் ஒரு முழ அகலத்துக்கு மணல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அங்கே துப்புரவுக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். காலையில் வேலை; வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணிக்குப் படித்துறையில் பானகம் வைத்திருப்பேன். குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கோரையைச் சுற்றி என்னோடு ஒருமுறை நடந்து வாருங்கள். எங்கே கால் குளிர்கிறது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். என் பாதத்துக்கு இப்போதெல்லாம் அவ்வளவு உணர்வு இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர் அக்கா